எண்பது மைலுக்கு முன்னால்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நள்ளிரவில் கிளம்பும் விமானத்தில் தூங்க வேண்டுமென்றால் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வருவதற்குள் கண்ணை மூடிவிட வேண்டும். மொத்தமே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிடுவார்கள். அந்த ஜூன் மாத இரவில் அப்படித்தான் நானும் கண்ணை மூடினேன். பக்கத்து இருக்கை ஆச்சி விடவில்லை.

தேவகோட்டைக்காரர். மகள் பிரசவத்துக்குப் போகிறார், முதல் விமானப் பயணம். மடியில் ஒரு மஞ்சப்பை. மேலே வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, உள்ள வடகம் இருக்கு, நொறுங்கிப்போகும்" என்றார். பெல்ட்டைப் போட்டிருந்தார், ஆனால் இரண்டு கை நுழையும் அளவுக்குத் தளர்த்தி. வயிற்றை அழுத்துகிறதாம்.

வங்காள விரிகுடா முழுக்க ஓர் அசைவும் இல்லை. விடிவதற்கு முன், மலாக்கா நீரிணைப் பக்கம் வந்தபோதுதான் இடது ஜன்னலில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது. ஸ்டார்ட்டர் போன டியூப் லைட் மாதிரி ஒரு மேகம் உள்ளுக்குள்ளேயே மினுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் அதன் உருவம் தெரிந்தது. நாங்கள் பறந்துகொண்டிருந்த உயரத்துக்கும் மேலே எங்கேயோ போயிருந்தது அதன் உச்சி. விமானம் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. பிறகு ஸ்பீக்கரில் கேப்டன் குரல், பயணிகளுக்கு இல்லை, பணிப்பெண்களுக்கு: எல்லோரும் உடனே உட்காருங்கள். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். தள்ளுவண்டியை அப்படியே பூட்டிவிட்டு அந்தப் பெண்கள் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் என் தூக்கம் போய்விட்டது.

முதலில் ஜல்லி போட்ட சாலையில் பஸ் போவது போல ஓர் அதிர்வு. அடுத்து, கீழே இருந்ததை யாரோ உருவிக்கொண்டது போல ஒரு பள்ளம். மஞ்சப்பை ஆச்சியின் மடியைவிட்டு எழும்பி என் முகத்துக்கு நேரே வந்தது. பிடித்துக்கொண்டேன். ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிய. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது, அதுதான் அப்போது அதிகமாகப் பயமுறுத்தியது. எல்லாம் மூன்று நான்கு நிமிடம் இருக்கும். ஓய்ந்ததும் ஆச்சி கேட்டார்: "ஏந்தம்பி, ஓட்டுறவுகளுக்குப் பயமா இருக்காதா?"

எனக்குத் தெரியவில்லை. சாங்கி விமான நிலையத்தின் மேல் மழைக்கோடு ஒன்று கடந்துகொண்டிருந்ததால் கடலுக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க அந்தக் கேள்வி என்னிடமே இருந்தது. பெல்ட்டை மட்டும் அவரே இழுத்து இறுக்கிக்கொண்டார்.

கேட்பதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தது. என் சித்தி மகன் விமானி. அந்த வாரம் அவனும் சிங்கப்பூரில்தான் ஓய்வில் இருந்தான். இரண்டு நாள் கழித்துக் காலையில் தேக்காவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்தோம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "அது சுமத்ராண்ணே" என்றான். ஏதோ தெரு நாயைச் சொல்வது போல.

சிங்கப்பூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் திரண்டு, வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் ஊருக்குள் நுழையும் இடிமழை வரிசை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கூட்டிக்கொண்டு வரும்.

ரேடார் இருக்குமே, பிறகு எப்படி மாட்டுகிறீர்கள் என்றேன். அவன் தன் தே தாரிக் குவளையை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கீழே முக்கால் பங்கு தேநீர், மேலே நுரை. "இதுதான் சீபி" என்றான். இடிமேகத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் அது. விமான மூக்கில் இருக்கும் ரேடாருக்கு நீர்த்துளிதான் நன்றாகத் தெரியும். மேகத்தின் உச்சி பனித்துகள். இந்த நுரை மாதிரி. அங்கே பார்த்தால் திரையில் லேசான பச்சை, சில சமயம் அதுவும் இல்லை. ஆனால் அடிக்கிற காற்று அந்த நுரைக்குள்ளேயும் இருக்கிறது. அதனால் ஆண்டெனாவைக் கீழே சாய்த்துத் தேநீரைத் தேட வேண்டும். கீழே சிவப்பாக இருந்தால், மேலே காலியாகத் தெரிவதை நம்பக் கூடாது.

மேலே ஏறித் தாண்டிவிடலாமே? இந்தப் பக்கத்து மேகங்கள் 50,000 அடியையும் தாண்டும். பயணிகள் விமானம் 40,000 அடிக்குக் கொஞ்சம் மேலே போனாலே மூச்சு வாங்கும். அடியில் நுழைந்தால் இன்னும் மோசம். ஆக, சுற்றிப் போவது ஒன்றே வழி. கடுமையான மேகத்திலிருந்து குறைந்தது 20 கடல்மைல் தள்ளி, அதுவும் முடிந்தவரை காற்று வருகிற பக்கமாக. மறுபக்கத்தில் மேகம் ஆலங்கட்டியைத் தெளிந்த வானத்துக்குள்கூட வீசியெறியும்.

சுற்றிப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் யோசித்ததே இல்லை. "இடப்பக்கம் 20 மைல், வெதர் காரணமாக" என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்பார்கள். நடுக்கடலில் பதில் வராமலே போகலாம். அதற்கும் விதி இருக்கிறது: நீயே திரும்பு, மற்ற விமானங்களுக்கு ரேடியோவில் சொல், பாதையைவிட்டு 5 மைல் விலகியதும் 300 அடி ஏறவோ இறங்கவோ செய், அப்போதுதான் எதிரே வருகிறவனோடு ஒரே மட்டத்தில் இருக்க மாட்டாய். ஆனால் பக்கத்தில் எல்லைக்கோடு இருந்தால்? 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு 220 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போன விமானம் பதான்கோட் அருகே இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. இடப்பக்கம் திரும்ப நம் தரப்பிலும் அனுமதியில்லை, லாகூரும் மறுத்துவிட்டது. ஆலங்கட்டிப் புயலுக்குள்ளேயே போனார்கள். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது. மூக்கு நொறுங்கிய அந்த விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். மேகத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, விமானத்துக்கு உண்டு.

உள்ளே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருவது போல ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும் காட்சி. "பெரும்பாலும் சும்மா இருக்கணும்ணே. அதுதான் கஷ்டம்" என்றான். வேகத்தை அதற்கென்று வகுத்த அளவுக்கு வைப்பார்கள். இறக்கை மட்டமாக, மூக்கு நிமிர்ந்த கோணம் மாறாமல் பார்த்துக்கொள்வார்கள். உயரம் நூறு அடி ஏறினாலும் இறங்கினாலும் துரத்தக் கூடாது. திரும்பி ஓடவும் கூடாது, நேராகப் போவதே சீக்கிரம் வெளியே வரும் வழி.

இந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1963 பிப்ரவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 720 ஒன்று இடிமேகங்களுக்கிடையில் ஏறியபோது மேல்காற்று அதைத் தூக்கியது. விமானிகள் மூக்கைக் கீழே அழுத்தினார்கள். அந்நேரம் பார்த்துக் கீழ்க்காற்றும் சேர்ந்துகொண்டது. செங்குத்தாகப் பாய்ந்து வானிலேயே உடைந்தது. 43 பேரும் போய்விட்டார்கள். இயல்பாக எந்தக் கையும் செய்திருக்கும் காரியம் அது.

"கலங்காம இருந்துட்டா தப்பிச்சிடலாமா?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 பற்றிப் பேசினான். 2024, அதுவும் மே 21தான். லண்டனிலிருந்து வந்த போயிங் 777, மியான்மருக்கு மேல் 37,000 அடியில். பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்னதற்கும் பெரிய அடி விழுந்ததற்கும் இடையில் 8 நொடி. பிறகு 4.6 நொடிக்குள் 178 அடி இறக்கம். கேட்டால் பெரிதாகத் தோன்றாது, பதினேழு மாடி உயரம். ஆனால் பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள், அடுத்த நொடியே தரையில் விழுந்தார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். விமானம் உடையவில்லை. எளிதில் உடையாது. 777 ரகத்தின் இறக்கையை 1995இல் சோதனைக் கூடத்தில் வளைத்துப் பார்த்தபோது, பறக்கையில் வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் தாங்கி, சுமார் 24 அடி வளைந்த பிறகுதான் முறிந்தது. மனிதக் கழுத்து அவ்வளவு தாங்காது.

எட்டு நொடியில் ஆச்சி பெல்ட்டை இறுக்கியிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். மஞ்சப்பையைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

அவருடைய கேள்வியை அப்படியே அவனிடம் கேட்டேன். ஓட்டுகிறவர்களுக்குப் பயமாக இருக்காதா?

"இருக்கணும்ணே. ஆனா 80 மைலுக்கு முன்னாடி வரணும். அப்ப பத்து நிமிஷம் கையில இருக்கும். பதினஞ்சு டிகிரி திருப்பி வச்சா போதும், பின்னால யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. உள்ள போனப்புறம் வர்ற பயம் ஒண்ணுக்கும் ஆகாது."

பேசிக்கொண்டே எழுந்து தன் ஸ்டூலையும் குவளையையும் இரண்டடி உள்ளே நகர்த்திக்கொண்டான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தெருவில் வெயில் இருந்தது. பக்கத்து மேசைகளில் யாரும் அசையவில்லை. மேற்கே கட்டடங்களுக்கு மேல் மட்டும் வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம் போலக் கறுத்திருந்தது. நானும் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டேன். கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, வெளியே காயப் போட்டிருந்த துணியை எடுக்க ஓடினார்.