மழைக்காலத்துப் பட்டறை

கொல்கத்தாவின் காலேஜ் தெருவை ஒட்டிய சந்துகளில் நூல்கட்டும் சிறு பட்டறைகள் பல உள்ளன. இத்தொழிலாளரை அங்கே ‘தப்தரி’ என்பர். 1976-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடைபெறுவதால், அதற்கு முந்தைய வாரங்களில் பட்டறைகளில் இரவிலும் விளக்கு அணைவதில்லை. ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டுக்கு மற்றொரு சுற்று வேலை உண்டு. அதன்பின் வரத்து வற்றிவிடும். சூனில் பருவமழையும் தொடங்கினால் பசை எளிதில் உலராது; ஒட்டிய அட்டை வளைந்துவிடும்.

அப்பட்டறைகளுள் ஒன்றை நடத்திவரும் முதியவர், இம்மந்தமான மாதங்களைப் பழைய நூல்களுக்கென ஒதுக்கியிருக்கிறார். பேராசிரியர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்து முதுகு பிளந்த நூல்கள் வருகின்றன. இற்றுப்போன தையலைப் பிரித்து, கிழிந்த மடிப்புகளில் மெல்லிய தாள் ஒட்டி, பாரம் பாரமாக அடுக்கி, மீண்டும் கையால் தைக்க வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பர். ஒருவர் நாள் முழுதும் உழைத்தாலும் ஒன்றிரண்டு நூல்களே முடியும். கிடைக்கும் தொகை இரு தொழிலாளரின் கூலிக்கே போதாது; குறையும் பணம் கண்காட்சிக் காலத்துச் சேமிப்பிலிருந்து போகிறது.

“பாபா, இந்த மூன்று மாதமும் ஆட்களை அனுப்பிவிட்டால் வாடகை மட்டும்தானே நட்டம்?” என்று மகன் ஒருமுறை கேட்டார்.

“2020-இல் அனுப்பத்தானே செய்தோம்” என்றார் முதியவர்.

அவ்வாண்டு ஊரடங்கில் வேலையின்றித் தொழிலாளர் ஊர் திரும்பினர். மே 20 அன்று அம்பான் புயல் தாக்கியபோது, காலேஜ் தெருவில் நூல்கள் வெள்ளத்தில் மிதந்தன. நனைந்த நூலைத் தாமதமின்றிப் பிரித்து, இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து, காற்றில் உலர்த்த வேண்டும். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் பூஞ்சை பிடித்துவிடும். கடைக்காரர்கள் கொண்டுவந்து குவித்த கட்டுகள் பட்டறை வாசலிலேயே கிடந்தன. பிரிக்கத் தெரிந்த கைகள் அங்கில்லை. பெரும்பகுதி பழைய காகித விலைக்குப் போயிற்று. ஊர் சென்றவர்களுள் இருவரே திரும்பினர்.

மந்தக் காலத்தில் இருப்பைச் சரிபார்க்கலாம், கடன் பாக்கியை வசூலிக்கலாம், புதிய வாடிக்கையாளரைத் தேடலாம் என்று வணிக மேலாண்மை அறிவுரைக்கும். அவையனைத்தும் முதலாளியின் நேரத்தைப் பற்றியவை. பாரக் கணக்கில் கூலி பெறுபவருக்கோ வேலையற்ற நாள் என்பது உணவற்ற நாள். அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதை முடிவு செய்யாமல், ஓய்ந்த காலத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுவதில் பொருளில்லை. முதியவர் தம் பங்கைத் தாங்க முடிவுசெய்தார்.

இப்போது மழை நாள்களில் மகனும் அவ்விருவரின் அருகே அமர்ந்து கைத்தையல் கற்கிறார். அவர் தைத்த முதல் நூலின் முதுகு சற்றுக் கோணலாக அமைந்தது. முதியவர் அதைப் பிரித்து மறுபடியும் தைக்கச் சொன்னார். அதற்கு நேரம் இருந்தது.