ஒலியின் பொருள்

குறில் நெடிலாய் நீண்டால் 'கல்' 'கால்' ஆகும்; பொருளே மாறிவிடும். ஆண்டுதோறும் மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும் நாம், ஒரு சிறு கருவியின் ஒலியைப் பொருள் உணர்ந்து கேட்கத் தவறினோம். அதனால் நேர்ந்த இழப்பு ஈடு செய்யவொண்ணாதது.

அது 2012ஆம் ஆண்டு. தமிழகத்துச் சிற்றூர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலான மின்வெட்டால் அல்லலுற்ற காலம். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள திருவேங்கடத்தில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். நமக்குப் பாட்டி முறையான மூதாட்டி ஒருவர் தாம் அறிந்த தாலாட்டுகளையும் மணவீட்டுப் பாடல்களையும் பாட, நாம் அவற்றைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துவந்தோம். மின்சாரம் நின்றாலும் கணிப்பொறி அணையாதிருக்க, பழைய யு.பி.எஸ். ஒன்று துணையிருந்தது.

மின்சாரம் இருக்கும்போதே அக்கருவி விட்டுவிட்டு ஒலித்தது. "ஏன் வாப்பா அது அழுதுக்கிட்டே கெடக்கு? என்னன்னு பாரேன்" என்றார் மூதாட்டியார். நாமோ ஒலியடக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஓசை ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் கோப்பைச் சேமிக்கும் வேளையில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். ஒரு நொடியும் தாங்கவில்லை. சிதைந்த கோப்பு பின்னர் திறக்கவே இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து வந்த பழுது நீக்குபவர் கருவியைத் திறந்தார். உள்ளிருந்த பேட்டரி உப்பிப்போயிருந்தது. "இத்தகைய பேட்டரி மூன்று முதல் ஐந்தாண்டுகள் உழைக்கும், வெப்பம் மிகுந்தால் விரைவில் கெடும்" என்றார். கரிசல் பூமியின் வெயில் படும் சன்னலோரத்தில் அதனை வைத்தவர்கள் நாமே!

ஒலிகளின் இலக்கணத்தையும் அவரே விளக்கினார். மின்சாரம் நின்றபின் இடைவிட்டு ஒலித்தால், கருவி பேட்டரியில் இயங்குகிறது. ஒலி விரைந்தால் மின்னிருப்பு தீர்கிறது. உடனே சேமித்துக் கணிப்பொறியை நிறுத்த வேண்டும். இடைவிடாது ஒலித்தால் சுமை மிகுதி அல்லது உட்பழுது. லேசர் அச்சுப்பொறி போன்றவற்றை அதில் இணைத்தலாகாது. மின்சாரம் இருந்தும் ஒலித்தால், முதலில் பிளக்கையும் வரும் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அவை சரியெனில் பேட்டரியை ஐயுற வேண்டும். ஒலிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாதலால் கையேட்டைப் படித்தல் இன்றியமையாதது. வேலையைச் சேமித்தபின், சுவர் சுவிட்சை அணைத்துக் கருவி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அவ்வப்போது சோதிப்பதும் நலம்.

புதிய பேட்டரி வந்தது. ஆயினும் அடுத்த விடுமுறைக்குள் மூதாட்டியார் வஃபாத்தாகிவிட்டார். நம் நினைவில் எஞ்சியவை இரண்டு தாலாட்டுகள் மட்டுமே.

மாணவச் செல்வங்களே! மறதியின் தீமையை உரைக்க வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓசையை அடக்குதல் பழுதை நீக்குதல் ஆகாது. எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டியார் 'என்னன்னு பாரேன்' என்றார். கற்றறிந்த நாம்தாம் பார்க்கவில்லை.