படுக்க மறுக்கும் பிள்ளையும் இறம்பொடை மழையும்

ஒன்றரை வயதைத் தாண்டிய பிள்ளையை மல்லாக்கப் போட்டு நெப்பி மாற்றுவது எந்த நாட்டிலும் மல்லுக்கட்டுத்தான். இங்கே இங்கிலாந்தில் கடைக்காரர் அதற்குச் சொல்லும் வைத்தியம், இரவு முழுக்கத் தாங்கும், பாவித்து எறியும் தடித்த பம்பஸ். மாற்றும் தடவை குறைந்தால் சண்டையும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுநீரும் மலமும் சேர்ந்து தோலில் கிடந்தால் காரம் ஏறி, மலத்திலுள்ள நொதிகள் தோலைப் புண்ணாக்கும். புண்பட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் திமிறும். நடக்கப் பழகிய பிள்ளைக்குப் பிடிக்காதது, ஓடிக்கொண்டிருக்கையில் பிடித்துப் படுக்கவைப்பது. நின்றபடியே காலை நுழைத்து இழுத்துப் போடும் நெப்பியானால் பாதிச் சண்டை இல்லை. அதிலும் துவைத்துப் பாவிக்கும் வகைதான் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான இறம்பொடைக்குப் பொருந்தும் என்பேன், வகையைப் பார்த்து வாங்கினால்.

இங்கிலாந்தில் பகட்டாக விற்கப்படுவது, உறிஞ்சும் பகுதியையும் சேர்த்து ஒன்றாகத் தைத்த நெப்பி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அது போனபின் பின்னேர மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மலைச்சரிவில், லயத்து வாசல் கொடியில் அது லேசில் காயாது. காயாத துணி நாறும். மேலுறை வேறு, உள்ளே வைக்கும் துணி வேறு என்று பிரிந்து வருவதை வாங்குங்கள். உள்துணி, விரித்தால் ஒற்றைப் படையாகும் பருத்தியாக இருக்கட்டும். பழைய நூல் சேலைத் துண்டை மடித்து வைத்தாலும் போதும்; நம் பாட்டிமார் அறியாத வித்தையா? அடுப்படிச் சூட்டில் பருத்தியைத் தள்ளிவைத்து உலர்த்தலாம். மேலுறையின் நீர்புகாப் படலமோ சூடு பட்டால் கெட்டுப்போகும். பக்கவாட்டில் பொத்தான் கட்டாயம் வேண்டும். மூத்திரத்துக்கு இழுத்துக் கழற்றலாம், மலம் கழித்தபின் அப்படிக் கழற்றினால் குதிகால்வரை பூசிவிடும்.

துணி நெப்பி நடையைக் கெடுக்கும் என்பார்கள். பொய்யில்லை. நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 மாத, 19 மாதப் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்து 2012இல் எழுதியதில், வெறும் உடம்போடு நடந்த நடையே நன்றாக இருந்தது. தடித்த துணி நெப்பியோடு நடந்தது மோசம். ஆனால் குறை அந்தத் தடிப்பில். மெல்லிய உள்துணியைப் பகலில் அடிக்கடி மாற்றினால் அந்தத் தடிப்புக்கே இடமில்லை. சுற்றாடலுக்கு நல்லது என்ற பேச்சையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இங்கிலாந்துச் சுற்றாடல் முகவரகத்தின் 2008ஆம் ஆண்டு அறிக்கை, இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு எறியும் நெப்பி 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமன், துணி நெப்பி 570 கிலோ என்றது. துணி தோற்றுப்போனது போலத் தெரியும். ஆனால் கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் வைத்துப் பாவித்தால் துணியின் கணக்கு வெகுவாக இறங்கும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தோட்டத்தில் உலர்த்தும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது! குப்பை லொறி எட்டிப் பார்க்காத லயங்களில் பம்பஸ் கானுக்குள் போகிறது, அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கி. துணியிலும் கவனம் வேண்டும்: மலத்தை முதலில் கழிவறையில் கொட்டுங்கள், ஓடையில் அலசாதீர்கள்.

எனக்கே கனமாகத் தெரியும் மறுப்பு ஒன்று உண்டு. யார் துவைப்பது? 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படியான சம்பளத்தில் வாரந்தோறும் பம்பஸ் வாங்குவது சுலபமில்லை. அதற்காக, நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளிடம் பீலிக்கரை வேலையையும் சுமத்தினால் மிச்சம் பிடித்த காசு அவள் முதுகிலிருந்து எடுத்ததாகும். தகப்பன் துவைக்க மாட்டானென்றால் இந்த மடலை மடித்து வைத்துவிட்டுப் பம்பஸையே வாங்குங்கள். துவைப்பவர் இருக்கும் வீட்டிலும் இரவுக்குப் பம்பஸ் போடுவதில் குற்றமில்லை. பகலில் பிள்ளையை விடும் பிள்ளைக்காம்பராவில் பல பிள்ளைகளைப் பார்ப்பவரிடமும் முதலில் பேசுங்கள். பொத்தான் வைத்த மேலுறைக்குள் உள்துணியை வைத்தே மடித்து, நனைந்ததைப் போட ஒரு பையும் சேர்த்துக் கொடுத்தால் மறுக்கக் காரணம் குறையும்.