ஜாக் சார்ல்டனுக்கே பதில் வரலையாம்

வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இன்பாக்ஸையே முறைச்சுக்கிட்டு இருக்கிறவங்க கவனத்துக்கு.

ஜாக் சார்ல்டன். இங்கிலாந்து கால்பந்து தடுப்பாட்டக்காரர்.
லீட்ஸ் யுனைடெட் தவிர வேற கிளப்புக்கே ஆடாத மனுஷன்.
1966ல தம்பி பாபியோட சேர்ந்து உலகக் கோப்பை ஜெயிச்சார்.

அப்புறம் மேனேஜர். மிடில்ஸ்பரோ கிளப்பை முதல் சீசன்லயே மேல் டிவிஷனுக்கு ஏத்தி விட்டார்.

1977ல இங்கிலாந்து மேனேஜர் வேலைக்கு எழுதிப் போட்டார்.
பதிலே வரல. 'இல்லை'ன்னுகூட ஒரு வரி கிடையாது.
அவருக்கே இந்த கதின்னா, நம்ம பயோடேட்டாவை எவன் பார்க்கப் போறான்!

1986ல அயர்லாந்து மேனேஜரா கூப்பிட்டுது.
1988 ஜூன் 12, ஸ்டுட்கார்ட், யூரோ கோப்பை. எதிர்ல யாரு? இங்கிலாந்தேதான்.
ஆறாவது நிமிஷம் அயர்லாந்தோட ரே ஹௌட்டன் தலையால ஒரு முட்டு. 1-0. முடிஞ்சுது கதை.

ஆட்டம் அழகா இருந்துச்சான்னு கேக்காதீங்க.
பந்தைத் தூக்கி அடி, பின்னாடியே ஓடு, எதிராளியை மூச்சு விட விடாதே. அவ்ளோதான். பழைய வீடியோ பார்த்தா எனக்கே கொட்டாவி வருது.
ஆனா 1990 உலகக் கோப்பையில அதை வச்சே கால் இறுதி வரைக்கும் போனாங்க. அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட 90 நிமிஷத்துல ஜெயிக்கல! எல்லாம் டிரா, அப்புறம் பெனால்டி.

அழகா ஆடித் தோக்கறதா, கொட்டாவி வர ஆடித் தேறறதா... நீங்க எந்தக் கட்சி?