மூச்சுக்கும் தேய்மானம் உண்டு

அக்கா கல்யாண வீடியோவில் அம்மா பாடிய நலங்குப் பாட்டு வரணும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்கு இளைப்பு. பாடுவதை விட்டுப் பல வருஷம் ஆச்சு. கெஞ்சிக் கூத்தாடி, நண்பனிடம் இரவல் வாங்கிய மைக் முன்னால் உட்கார வைத்தேன். பதிவைக் கேட்டதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்.

"பாட்டு எங்கடா இருக்கு? என் இளைப்புதான் கேக்குது. வேணாம், விட்டுடு."

பி.காம். படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு விட மனசு வரவில்லை.

யோசித்தால், தப்பு என் பேரில்தான். மைக்கை வாய்க்கு நேரே, நாலு விரல் தூரத்தில் வைத்திருந்தேன். இந்தத் தடவை ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். ரொம்பத் தள்ளினாலும் ஆபத்து, அறையின் எதிரொலி வந்துவிடும். எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் துணி கட்டி முன்னால் நிறுத்தினேன். அது 'ப' சொல்லும்போது அடிக்கிற காற்றைத்தான் தடுக்கும், மூச்சு இழுக்கும் சத்தத்தை இல்லை. அதற்கு வாயை அகலத் திறந்து, தொண்டையைத் தளர்த்தி இழுக்கணும். குறுகிய வழியில் அவசரமாக இழுத்தால்தான் 'ஸ்ஸ்'. அதனால் இரண்டிரண்டு வரியாகப் பாடச் சொன்னேன்.

அடுத்தது ஆடாசிட்டி. முதலில் எல்லா மூச்சையும் வெட்டி மௌனமாக்கினேன். கேட்டால் அம்மா மாதிரியே இல்லை, ஏதோ மெஷின் பாடுகிறது! வரிக்கு வரி பள்ளத்தில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, ஒவ்வொரு மூச்சையும் தேர்ந்தெடுத்து 8 டெசிபல் மட்டும் குறைத்தேன். அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், மூச்சை 'ரைட் ஆஃப்' பண்ணக்கூடாது, தேய்மானம் மட்டும் போடணும். இன்னொன்று மக்களே, கம்ப்ரஸர் போடுவதாக இருந்தால் முதலிலேயே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் குறைத்த மூச்சு மறுபடி தலை தூக்கும்.

ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக,

"அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தரம் பாடட்டுமா?"

ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

மைக்கை நண்பனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.