பாதை விட்டு இறங்காதே என்று சொன்ன நிலத்தில்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதி மன்னார்த் தீவை நெருங்கும்போது இரு பக்கமும் நீரும் சேறும் பரந்து கிடக்கும். இதுதான் வங்காலைச் சரணாலயம். 4,839 ஹெக்டெயர் பரப்பளவுள்ள இந்நிலம் 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மாரி காலத்தில் தூர தேசத்து வாத்துகளும் பூநாரைகளும் இங்கே கூட்டங்கூட்டமாக இரை தேடுகின்றன.

எம்மில் பலருக்கு இந்த வீதி வேறு நினைவுகளையே தரும். சோதனைச் சாவடிகள், இடம்பெயர்வு, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். "பாதை விட்டு இறங்காதே, தெரியாத பொருளைத் தொடாதே" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். அந்த எச்சரிக்கை எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் பிறந்தவர்களும் இன்று வாலிப வயதை அடைந்துவிட்டார்கள். யுத்தத்தைக் காணாத அவர்கள், எமது பயத்தைக் கண்டு வளர்ந்தவர்கள். பாடசாலை, ரியூசன், வீடு, கைத்தொலைபேசி என்று அவர்களின் உலகம் சுருங்கிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கும் வலுவிழந்த பிள்ளைகளுக்கும் அது இன்னும் சிறியது.

அப்படிப்பட்ட பதினெட்டுப் பேருடன் தை மாதத்தில் ஒருநாள் இங்கே வந்தோம். 14 முதல் 18 வயது வரையான தமிழ், முஸ்லிம் பிள்ளைகள். ஒரு பையன் சக்கர நாற்காலியில் இருப்பவன். ஒரு பிள்ளைக்குக் கண்பார்வை இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ஞாயிறு பூசைக்கும் இடையூறு வராமல் சனிக்கிழமையைத் தெரிவு செய்தோம். எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ண மரக்கறிச் சோறு கட்டினோம்.

முன்னதாகத் தாய்மாரைக் கூட்டியபோது ஒரு தாய் கேட்ட முதல் கேள்வி, "ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?" என்பதுதான். மிதிவெடியில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். எந்த இடங்களுக்குப் போகிறோம், அவை பாதுகாப்பானவை என்று யாரிடம் விசாரித்தோம், மலசலகூடம் எங்கே உள்ளது, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். விரும்பினால் கூடவே வரலாம் என்றோம். அவரும் வந்தார், இன்னும் மூன்று தாய்மாரும் வந்தார்கள். தாயின் பயத்தை அலட்சியம் செய்யும் பயணம் பிள்ளைக்கு நன்மை தராது.

எமக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி, மீள்குடியேறிய காலத்தில் விறகு பொறுக்கப் போய் வலது காலை இழந்தவர். இப்போது ஜெய்ப்பூர் காலுடன் நடக்கிறார். வீதியோரத்தில் நின்று பிள்ளைகளிடம் அவர் சொன்னார்: "பிள்ளையள், என்ர காலைக் காடு எடுக்கேல்லை. மனிசர் புதைச்சு வைச்சதுதான் எடுத்தது. காட்டோட எனக்குக் கோபமில்லை." சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "அன்ரி, அங்க தெரியுறது பூநாரையோ?" என்று கேட்டாள்.

இவ்விடத்தில் பறவை பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டியதில்லை. வீதியோரத்தில் நின்றாலே போதும். அதனால் சக்கர நாற்காலியில் இருந்த பையனும் மற்றவர்கள் பார்த்த அனைத்தையும் பார்த்தான். பின்னர் எல்லோரும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி, கேட்கும் ஒலிகளை எண்ணினோம். அதிக ஒலிகளை இனங்கண்டவள் பார்வையற்ற பிள்ளைதான். அவளுடைய பக்கத்தில் இடம்பிடிக்க அதன் பிறகு போட்டியே நடந்தது.

அங்கிருந்து தீவுக்குள் சென்று, பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பார்த்தோம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர். பதின்மூன்று பேர் கைகோத்த பின்னரே அது வளைபட்டது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும், வன்னிக்கும் முகாமுக்கும் அலைந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் அந்த வளையத்தில் அடுத்தடுத்து நின்றார்கள்.

பின்னேரம் கெட்டியான ஒரு வெளியில் கிளித்தட்டு விளையாடினோம். சக்கர நாற்காலிப் பையன் ஒரு கோட்டை மறித்தான். கை எட்டாது என்பதால் சால்வையால் தொட்டாலும் சரி என்று பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். அவன் ஆறு பேரைப் பிடித்துவிட்டான்! அனுதாபத்துக்காக ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

விளையாட்டின் மூலம் பிள்ளைகளை ஆற்றுப்படுத்துவது எமது மண்ணுக்குப் புதிதல்ல. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996 இலேயே, மட்டக்களப்பில் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே மரங்களின் நடுவே களிமண்ணும் வர்ணமும் கதையுமாகக் கூடினார்கள். பிள்ளையின் பக்கத்தில் பொறுமையாக இருக்கும் பெரியவர்களே அங்கு முக்கியமானவர்கள். இன்றைய எமது பிள்ளைகளுக்கும் தேவைப்படுவது அத்தகைய துணைதான். புத்திமதி சொல்லப் பலர் இருக்கிறார்கள். கூட நடப்பவர்கள்தான் குறைவு.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு குளக்கட்டோ கடற்கரையோ ஆலமரமோ இருக்கும். நாலைந்து தாய்மார் சேர்ந்து மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அயலில் உள்ள வலுவிழந்த பிள்ளையை முதலில் அழையுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்ற இடத்தையும் விளையாட்டையும் அதற்குப் பிறகு தீர்மானியுங்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. எனவே, போகும் இடம் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் கட்டாயம் விசாரியுங்கள். சிவப்புப் பலகை உள்ள இடத்துக்குப் போக வேண்டாம். போகக்கூடாத இடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். போகக்கூடிய இடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்ல வேண்டியவர்களும் நாங்களே.