மன்னார்க் கோட்டையில் ஒரு பகல்

வட்டவளையில் பிறந்து வளர்ந்த எம் குழந்தைகளுக்குக் கோட்டை என்பது பாடப்புத்தகத்துப் படம். கடலும் ஏறக்குறைய அப்படியே. இரண்டையும் ஒருங்கே காட்டக் கருதி, விடுமுறையில் மன்னாருக்குப் புறப்பட்டோம். காலிக் கோட்டையே பெரிது, அழகும் மிக்கது என்று நண்பர்கள் தடுத்தனர். உண்மைதான். ஆயினும் மலைநாட்டுத் தமிழர் முதலிற் காணவேண்டிய கோட்டை மன்னாரே என்பது எம் கருத்து. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அனுராதபுரம், மதவாச்சி ஆகிய ஊர்களைக் கடந்து, கடலிடையே செல்லும் தாம்போதியில் வண்டி ஏறியதும் குழந்தைகள் ஆரவாரித்தனர். அதன் மறுகரையிலேயே கோட்டை நிற்கிறது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே இடிந்த தேவாலயத்தின் சுவர்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர்ப் புதுக்கினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இக்கடலின் முத்தும், கப்பற் போக்குவரத்தும் மூவரையும் இழுத்தன.

கொத்தளத்தின்மீது நின்று கடலை நோக்கிய மூத்தவன், "அப்பா, நம் பாட்டன்மார் இந்தக் கோட்டையிலா தங்கினார்கள்?" என்று வினவினான்.

இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் பலர் இம் மன்னார்க் கரையோரத்தில் தோணிகளில் இறங்கினர். கங்காணிமாரின் பின்னே, காட்டுவழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். மூன்று அரசுகளின் ஆண்டுகளைச் சொல்லும் சுவர், அவர்களில் ஒருவர் பெயரையேனும் சொல்லவில்லை. நாம் வண்டியில் சில மணி நேரத்திற் கடந்து வந்தது அவர்கள் நடந்த வழியே என்று கூறியதும், அதுவரை ஓயாது பேசிய இளையவள் வாய் மூடிக்கொண்டாள். 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் மீண்டும் நடந்தனர்.

மாலையில் தலைமன்னாரின் பழைய இறங்குதுறையைக் கண்டோம். 1914இல் இரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் இங்கே இணைந்தபின் நடைப்பயணத்துக்கு வேலையில்லாது போயிற்று. ஆனால் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தோட்டங்களில் பிறந்த பல்லாயிரவர் இதே துறையிற் கப்பலேறிப் போயினர். 1984இல் அக்கப்பலும் நின்றது.

செல்ல விரும்புவோர் காலையிலேயே கோட்டையைப் பார்த்துவிடுக. நண்பகல் வெயில் மலைநாட்டாருக்கு ஒவ்வாது. ஊருக்குள் கட்டின்றித் திரியும் கழுதைகளைக் காணக் குழந்தைகளுக்குத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்குக.